காவல் கூலியும் கைரேகையும்: கம்பம் பள்ளத்தாக்கில் ஊர்க்காவலின் வரலாறு

மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் வருசநாட்டு மலைக்கும் இடையில் அமைந்த கம்பம் பள்ளத்தாக்கிலும் அதைச் சூழ்ந்த மதுரைச் சீமையிலும், காவல் நிலையங்கள் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே ஊரைக் காக்கும் பொறுப்பு ‘காவல்’ என்ற ஏற்பாட்டின் வழியே நடைபெற்றுவந்தது. பொதுமக்கள் எந்நிலையில் காவலுக்குத் துணைநிற்கின்றனர், எந்நிலையில் விலகிநிற்கின்றனர் என்பதை இவ்வட்டாரத்தின் அனுபவம் தெளிவாக எடுத்துரைக்கிறது.

காவல் என்பது இரு தரப்பையும் கட்டிய ஓர் உடன்பாடு. களத்தில் நெல் அளக்கும்போது காவல்காரருக்கு உரிய பங்கு காவல் கூலியாக அளந்து வைக்கப்பட்டது; அதற்கு ஈடாக, திருடுபோன பொருளை மீட்டுத்தருவதும், மீட்க இயலாவிடில் இழப்பை ஈடுசெய்வதும் அவர் கடமையாயின. மதுரைச் சீமையின் பல ஊர்களில் இப்பொறுப்பைப் பிரமலைக் கள்ளர் குடும்பங்கள் வகித்தன. இம்முறைக்குள் ‘துப்புக்கூலி’ என்ற வழக்கமும் வளர்ந்தது: மாட்டைப் பறிகொடுத்தவர் இடையாள் ஒருவர் மூலம் அதன் விலையில் ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டால், குறித்த இடத்தில் மாடு கட்டப்பட்டிருக்கும். காப்பவரே அச்சத்துக்கும் காரணமாகலாம் என்ற குறை இதில் இருந்தபோதிலும், பறிபோன பொருள் திரும்பிவரும் என்ற உறுதி ஊராருக்கு இருந்தது.

தம் பகுதிகளை ஆண்டுவந்த பாளையக்காரர்களை ஒடுக்கிய பின் கிழக்கிந்தியக் கம்பெனி அவர்களது காவல் அதிகாரத்தைப் பறித்தது. 1816ஆம் ஆண்டு ஒழுங்குமுறை கிராமத் தலைவரையும் தலையாரியையும் காவல் பணிக்குப் பொறுப்பாக்கியது. 1859ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்துக்குச் சீருடைக் காவல்துறையை அளித்தது. ஆயினும் தொலைவிலிருந்த நிலையத்தைவிட அருகிலிருந்த காவல்காரரையே குடியானவர்கள் நம்பியமையால், பழைய முறை சட்டத்தின் ஆதரவின்றியே நீடித்தது.

1895இல் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டு, மலையைக் குடைந்த சுரங்கம் வழியே நீர் இப்பள்ளத்தாக்கில் இறங்கியபோது, சாகுபடியும் செல்வமும் பெருகின. ஆனால் காப்பவரே அச்சத்துக்குக் காரணமாகும் அப்பழைய குறை நீடித்ததால், அடுத்த ஆண்டு திண்டுக்கல் வட்டாரத்தில் உழவர்கள் திரண்டெழுந்து, கள்ளர் காவலை ஒழிக்கவும் கள்ளர்களையே ஊர்களிலிருந்து வெளியேற்றவும் முற்பட்டனர். ஊரைக் காக்கும் விருப்பத்தில் பிறந்த அவ்வியக்கம், குற்றம் செய்தவரையும் செய்யாதவரையும் பிரித்துப் பாராமல் ஒரு சமூகம் முழுவதையும் தாக்கியது. அது பெரும் அநீதியாகும்.

அதே அநீதியை அரசு பின்னர்ச் சட்டமாகவே ஆக்கியது. மக்கள் ‘ரேகைச் சட்டம்’ என்றழைத்த 1911ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ், பிரமலைக் கள்ளர் ஆண்கள் கைரேகை பதிக்கவும், வெளியூர் செல்ல அனுமதிச் சீட்டுப் பெறவும், இரவில் தங்கள் இருப்பைத் தெரிவிக்கவும் வேண்டியதாயிற்று. உசிலம்பட்டிப் பகுதியின் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று கைரேகைப் பதிவை எதிர்த்தோர் மீது காவல்துறை சுட்டதில், ஒரு பெண் உள்ளிட்ட 16 பேர் உயிரிழந்தனர். தலைமுறைகளாகக் காவலைத் தொழிலாகக் கொண்டிருந்த மக்களையே பிறப்பின் பெயரால் ஐயத்துக்குரியவராக்கிய அரசு, அவர்களது ஒத்துழைப்பை எவ்விதம் எதிர்பார்க்க இயலும்? 1947இல் அச்சட்டம் சென்னை மாகாணத்தில் நீக்கப்பட்டது. அச்சட்டம் நடைமுறையில் இருந்த காலத்தில் தொடங்கப்பட்ட கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் தேனி மாவட்டத்தில் இன்றும் இயங்குகின்றன.

பிற்காலத்தில் 1993இல் இராமநாதபுரத்தில் தொடங்கிய ‘காவல்துறை நண்பர்கள்’ அமைப்பு பொதுமக்களையும் காவலர்களையும் இணைக்க முயன்று மாநிலம் முழுவதும் பரவியது; எனினும் 2020இல் சாத்தான்குளத்தில் கைதான தந்தையும் மகனும் காவலில் உயிரிழந்ததை ஒட்டி அதன் தன்னார்வலர்கள் மீது புகார்கள் எழவே, அரசு அதனைத் தடைசெய்தது. துணைக்கு வருவோரும் ஊராருக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவராயிருக்க வேண்டும் என்பதையே இதுவும் காட்டுகிறது.

இழப்புக்கு ஈடு, காவலைக் கேள்வி கேட்கும் உரிமை, பிறப்பால் எவரும் சந்தேகிக்கப்படார் என்ற உறுதி ஆகிய மூன்றும் உள்ள இடத்தில்தான் மக்கள் தாமாக முன்வந்து காவலுக்குத் துணைநிற்பர். இவற்றைத் தராத காவல்துறை மக்களின் அச்சத்தைப் பெறலாம். அவர்களது துணையைப் பெற இயலாது.