தோய்தலும் இறுகுதலும்: குருதி உறைதல் சோதனைகளின் வரலாறு

பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற மருத்துவமனைகளுக்குத் தலைக்காயத்தோடு வருவோரிடம், சிதைந்த மூளைத் திசுவிலுள்ள திராம்போபிளாஸ்டின் குருதியில் கலந்து உறைதலின் ஒழுங்கைக் குலைக்கக்கூடும். 1935இல் ஆர்மண்ட் குயிக் வகுத்த புரோத்ராம்பின் நேரச் சோதனையில் பிளாஸ்மாவை உறையவைத்ததும் அப்பொருளே. அவர் அதை முயலின் மூளையிலிருந்து எடுத்தார்.

ஆயினும் அச்சோதனை விபத்துக்காகப் பிறந்ததன்று. ஹீமோபிலியா, காமாலை ஆய்வுகளில் உருவானது. அணுக்கள் நீக்கிய பிளாஸ்மாவில் உறைதல் தொடங்கும் நேரத்தை மட்டுமே அது சொல்லும். பாலுக்கு உறை ஊற்றியவர் அறிவார்: தோய்வது வேறு, கட்டித்தயிராவது வேறு. அந்த இரண்டாம் வினாவை எழுப்பியவர் ஹைடெல்பர்க்கின் ஹெல்முட் ஹார்ட்டெர்ட். முழுக் குருதியில் கட்டி இறுகுவதையும் கரைவதையும் அவரது கருவி (1948) வரைகோடாக்கியது. காயச் சிகிச்சை அதனிடம் வர அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

2003இல் வெளியான இலண்டன் ஆய்வு, காயமுற்றோரில் ஏறத்தாழக் கால்பங்கினருக்கு மருத்துவமனையை அடையும்போதே உறைதல் குலைந்திருந்ததைக் காட்டியது. அதைக் கண்டதும் பழைய வகைச் சோதனைகளே என்பது மறக்கப்படுகிறது. 2016இல் டென்வரின் 111 நோயாளர் ஆய்வில் ஹார்ட்டெர்ட் வழி உயிர்காத்தது; 2021இல் ஐரோப்பாவின் 396 நோயாளர் ஆய்விலோ ஒட்டுமொத்த வேறுபாடு தெரியவில்லை. இடையே, இந்தியாவும் பங்கேற்ற கிராஷ்-2 ஆய்வில் (2010) 20,000க்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டனர். டிரானெக்சாமிக் அமிலம் இறப்பைக் குறைத்தது. அதைச் செலுத்த எந்த உறைதல் சோதனையின் முடிவுக்கும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.