ஐக்கிய கென்யா கிளப்

ஐக்கிய கென்யா கிளப் 1946ஆம் ஆண்டில் நைரோபியில் தொடங்கப்பட்டது. ஆப்பிரிக்கர், ஆசியர், ஐரோப்பியர் என மூன்று இனத்தாரையும் சம உறுப்பினர்களாகச் சேர்த்துக்கொண்டதே அதன் தனிச்சிறப்பு.

அது எவ்வளவு துணிச்சலான காரியம் என்பதை பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த அன்றைய நைரோபியைப் பார்த்தால்தான் உணர முடியும். மேற்கே மேட்டுப்பாங்கான பகுதிகளில் வெள்ளையர். பார்க்லண்ட்ஸ் போன்ற இடங்களில் இந்தியர். கிழக்கே பும்வானி முதலிய நெரிசலான குடியிருப்புகளில் ஆப்பிரிக்கர். பள்ளிகளும் மருத்துவமனைகளும் இனவாரியாகவே இருந்தன. ஆப்பிரிக்க ஆண்கள் ‘கிப்பாண்டே’ என்ற அடையாளச் சீட்டை உலோகக் கூட்டிலிட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. 1913இன் கடைசி நாளில் திறக்கப்பட்ட முத்தைகா கிளப் வெள்ளைக் குடியேறிகளின் கோட்டை. அங்கே கறுப்பர் நுழைந்தால் பரிமாறுபவராகத்தான் நுழைய முடியும்.

புதிய மன்றத்துக்கு முன்னின்று உழைத்தவர்களில் நகராட்சி அதிகாரி டாம் அஸ்க்வித் முக்கியமானவர். 1932, 1936 ஒலிம்பிக் போட்டிகளில் பிரிட்டனுக்காகப் படகு வலித்தவர் அவர். நைரோபி மேயராக இருந்த எர்னஸ்ட் வாசியும் துணைநின்றார். 1944இல் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்ட முதல் ஆப்பிரிக்கரான எலியுட் மாத்துவும் இந்த வட்டத்தில் இருந்தார். மன்றத்தின் உயிர்நாடி புதன்கிழமை மதிய விருந்து: சாப்பாடு, ஓர் உரை, பிறகு விவாதம். ஒரே மேசையில் அமர்ந்து உண்பதற்கு ஊரில் வேறு இடமே அரிதாக இருந்தபோது, அந்தச் சாப்பாடு அரசியலாகவே இருந்தது.

ஆனால் அதன் எல்லை குறுகியது. படித்தவர்கள், பதவியில் இருந்தவர்கள், வணிகர்கள் மட்டுமே அங்கே கூடினர். பும்வானியின் கூலித் தொழிலாளிக்கு அது எட்டாத இடம். வளமான ‘வெள்ளை மேட்டுநிலம்’ ஐரோப்பியருக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. கிக்கூயு மக்களின் நிலக்குறை ஆண்டுக்காண்டு முற்றியது. மன்றம் தொடங்கிய அதே 1946 செப்டம்பரில்தான் தேசியத் தலைவர் ஜோமோ கென்யாட்டா இங்கிலாந்திலிருந்து நாடு திரும்பினார். அவரைத் தேடிச் சென்ற கூட்டம் கேட்டது நிலத்தையும் வாக்குரிமையையும். இனங்களுக்கிடையே பழக்கம் வளர்ந்தால் பகை தணியும் என்ற மன்றத்தாரின் நம்பிக்கை நேர்மையானதுதான். ஆனால் நிலப் பிரச்சினைக்கு மன்றத்திடம் விடை இல்லை.

நகரின் போக்கும் எளிதில் மாறவில்லை. 1951இல் நகராட்சிச் சுகாதார ஆய்வாளராகச் சேர்ந்த டாம் எம்போயா தன் அலுவலகத்தில் அமர்ந்திருக்க, உள்ளே வந்த வெள்ளைப் பெண்மணி அவரைப் பார்த்த பிறகும் இங்கே யாருமில்லையா என்று கேட்டார். அடுத்த ஆண்டு அக்டோபரில் நிலத்துக்காகக் கிக்கூயு மக்களிடையே எழுந்த மாவ் மாவ் கிளர்ச்சியை ஒடுக்க நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது; ஆயிரக்கணக்கானோர் தடுப்புமுகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களின் மறுவாழ்வுப் பணியை ஏற்ற அஸ்க்வித், முகாம்களில் நடந்த அடி உதைகளை எதிர்த்ததால் 1957இல் அப்பொறுப்பை இழந்தார்.

1963 டிசம்பர் 12இல் கென்யா விடுதலை பெற்றது. கிளப் அதன் பின்னும் நிலைத்தது. அது ஸ்டேட் ஹவுஸ் சாலையில், நைரோபிப் பல்கலைக்கழகத்துக்கு அருகே உள்ளது.