மீஞ்சூர் ஜீப்புக்கு எத்தனை வயது?

மீஞ்சூரில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் பழைய ஜீப் ஒன்றைப் பார்த்தேன். "தாத்தா மிலிட்டரி ஏலத்துல எடுத்தது சார், உலகப்போர் வண்டி" என்றார் உரிமையாளர். கிரில்லில் ஒன்பது துளைகள். போர்க்கால வில்லீஸ் அடையாளம்தான். பிறகு வந்த சிவிலியன் ஜீப்புக்கு ஏழு.

சிக்கல் கார்புரேட்டரில். போர்க்கால மாடலுக்கான கார்ட்டர் டபிள்யூஓ வாங்கி வைத்திருந்தார், உட்காரவே இல்லை. பானட்டைத் திறந்ததும் காரணம் புரிந்தது. போர்க்கால 'கோ டெவில்' எஞ்சினில் வால்வுகள் எல்லாம் பிளாக்கில். கார்புரேட்டர் பக்கவாட்டு மேனிஃபோல்டில் இருக்கும். இங்கே அது சிலிண்டர் ஹெட் மேலேயே இருந்தது. இன்டேக் வால்வும் மேலே. அப்போ இது 'ஹரிக்கேன்'! இரண்டுமே 2.2 லிட்டர்தான், ஆனால் 60 குதிரைத்திறன் 75 ஆனது. உயரமும் கூடியது. அதற்காகவே 1953-இல் வந்த சிஜே3பி ஜீப்புக்குப் பானட்டை உயர்த்தினார்கள். மஹிந்திரா அதை இங்கே பல ஆண்டுகள் தயாரித்தது. இந்த வண்டியிலும் பானட்டுக்கு அடியில் பட்டை வைத்து உயர்த்தியிருந்தார்கள்.

"அப்போ தாத்தா சொன்னது பொய்யா?" குரல் இறங்கிவிட்டது.

"இல்லைங்க. வண்டி போர்க்காலத்துதாக இருக்கலாம், எஞ்சின் பின்னாடி மாத்தினது."

ஹரிக்கேனுக்கான கார்புரேட்டரைப் புது கேஸ்கெட்டோடு மாட்டி, மிதவை மட்டம் சரிபார்த்தோம். ஸ்டார்ட் ஆனது. பழைய வண்டியின் வயதை ஒரே பாகத்தை வைத்துச் சொல்லாதீர்கள். பானட்டையும் திறந்து பாருங்கள்.