பூட்டிய பதிவேடும் சிறுநீர்ப் பரிசோதனையும்

1996 நவம்பரில் கலிபோர்னியா வாக்காளர்கள் 215ஆம் முன்மொழிவை ஏற்றனர். மருத்துவரின் பரிந்துரையோடு கஞ்சாவைப் பயன்படுத்தும் நோயாளிக்குக் குற்ற வழக்கிலிருந்து பாதுகாப்புக் கிடைத்தது. அவருடைய வேலையைப் பற்றி அச்சட்டம் வாய் திறக்கவில்லை. 2000இல் கொலராடோ, நோயாளிகளின் பதிவேடு இரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்பதைத் தன் அரசியலமைப்பிலேயே எழுதிவைத்தது. முதலாளிக்கு அப்பதிவேட்டைத் திறக்கும் உரிமை இல்லை. உண்மையில், திறக்கவேண்டிய தேவையும் அவருக்கு இருக்கவில்லை. சிறுநீர்ப் பரிசோதனையே போதுமானதாயிருந்தது.

1986இல் ரீகன் பிறப்பித்த ஆணை கூட்டாட்சி ஊழியரிடையே தொடங்கிவைத்த வழக்கம் தனியார் நிறுவனங்களிலும் பரவியிருந்தது. அப்பரிசோதனை போதையை அளப்பதன்று. கஞ்சா உடலில் சிதைந்தபின் எஞ்சும் பொருளையே அது காட்டும். தொடர்ந்து பயன்படுத்துவோரிடம் அப்பொருள் வாரக்கணக்கில் தங்கும். ஆகவே இரவில் வீட்டில் மருந்தாக உட்கொண்டவரும் போதையோடு பணிக்கு வந்தவரும் அதன் முன் ஒருவரே. தம்மைக் காத்துக்கொள்ள நோயாளி தம் நோயைத் தாமே வெளியிட வேண்டியதாயிற்று.

வெளியிட்டும் பயனில்லை. 2001இல் ரேஜிங்வயர் நிறுவனத்தில் சேர்ந்த முன்னாள் விமானப்படை வீரர் ஒருவர், முதுகுக் காயத்துக்காக மருத்துவர் தந்த பரிந்துரையைப் பரிசோதனைக்கு முன்பே ஒப்படைத்தார். ஆயினும் வேலை போயிற்று. 2008இல் மாநில உச்ச நீதிமன்றமும் அவரைக் கைவிட்டது. அதே ஆண்டு சட்டமன்றம் நிறைவேற்றிய பாதுகாப்பு மசோதாவை ஆளுநர் ஸ்வார்ஸ்நெக்கர் தம் மறுப்பதிகாரத்தால் வீழ்த்தினார்.

இவற்றுள் மிகக் கடுமையானது கொலராடோ வழக்கு. கைகால் செயலிழந்து சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர், டிஷ் நெட்வொர்க்கில் தொலைபேசிப் பணியாளர். பணி நேரத்துக்குப் பின் வீட்டில் கஞ்சாவைப் பயன்படுத்தியவர். 2010இல் நீக்கப்பட்டார். பணிக்கு வெளியே செய்யும் சட்டபூர்வமான செயலுக்காக ஒருவரை நீக்கலாகாது என்று மாநிலச் சட்டம் இருந்தது. கூட்டாட்சிச் சட்டம் தடுத்த செயல் ‘சட்டபூர்வமானது’ ஆகாது என 2015இல் நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். ஒரு சொல்லின் பொருளில் ஒருவரின் பிழைப்பு முடிந்தது.

2017இல் காற்று சற்றே மாறியது. குரோன் நோயாளியான பெண்ணொருவரின் வழக்கில், மாற்று மருந்து உண்டா என்று முதலாளி அவரோடு கலந்து பேசியிருக்க வேண்டும் என்றது மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம். கலிபோர்னியாவோ 2024 ஜனவரி 1 அன்றுதான், உடலில் எஞ்சும் போதையற்ற சிதைவுப்பொருளைக் காரணமாக்கி வேலை மறுப்பதைத் தடைசெய்தது. அப்போதும் கட்டுமானத் தொழிலாளர்களும், கூட்டாட்சி அரசின் பின்னணி விசாரணை தேவைப்படும் பணியினரும் அப்பாதுகாப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டனர்.