ஸ்பிரிங் செய்த குற்றம்

உத்தரமேரூர்க்காரனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. எதைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும் எங்கள் ஊர்க் குடவோலைக் கல்வெட்டில் அதற்கு ஓர் இடம் கிடைத்துவிடும். மோட்டார் பந்தயத்துக்குமா என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு அமலில் இருந்தது. அது போன பிறகும், வரி கட்டாத சாராயம் மலைப் பக்கங்களில் காய்ச்சப்பட்டுக்கொண்டுதான் இருந்தது. அதை ராத்திரியில் பட்டணத்துக்குக் கடத்த, பார்வைக்குச் சாதுவாகவும் ஓட்டத்தில் பேயாகவும் உள்ள கார் வேண்டும். 1932-ல் வந்த எட்டு சிலிண்டர் போர்டு இந்தத் தொழிலுக்கென்றே அவதாரம் எடுத்தது போல் அமைந்தது. பாரம் ஏற்றினால் பின்பக்கம் தாழ்ந்து போலீஸாருக்குக் காட்டிக் கொடுக்குமே? அதற்காகப் பின் ஸ்பிரிங்குகளைக் கெட்டிப்படுத்தினார்கள். வளைவுகளில் வண்டி நிலை குலையாமல் இருந்தது உபரி லாபம்.

யார் வண்டி உசத்தி என்று அவர்களுக்குள் போட்டி வந்தது. வயல்வெளிகளில் ஓட்டிப் பார்த்தார்கள், ஜனங்கள் கூடினார்கள். 1948 பிப்ரவரியில் பில் பிரான்ஸ் என்பவர் இதையெல்லாம் 'நாஸ்கார்' என்ற அமைப்புக்குள் கொண்டுவந்தார். அதே 1948 அக்டோபரில்தான் நம் சென்னை ராஜ்யம் முழுவதற்கும் மதுவிலக்கு வந்தது. இங்கும் சாராயம் காய்ச்சினார்கள். பந்தயம் மட்டும் பிறக்கவில்லை. சைக்கிள் டியூபில் கடத்துகிறவனுக்கு எட்டு சிலிண்டர் எதற்கு?

1949 ஜூன் 19-ல் சார்லட் நகரில், கடையில் விற்கிறபடியே உள்ள கார்களுக்கென்று முதல் பந்தயம் வைத்தார்கள். கிளென் டனவே என்பவர் 1947-ஆம் வருஷத்துப் போர்டில் முதலாவதாக வந்தார். பரிசோதகர்கள் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார்கள். பின் ஸ்பிரிங்கில் சாராயக் கடத்தல் கைவரிசை! வெற்றி, லிங்கன் கார் ஓட்டி வந்த ஜிம் ரோப்பருக்குப் போயிற்று.

இங்கேதான் எங்கள் கல்வெட்டு. பராந்தக சோழன் காலத்திலேயே, கணக்குக் காட்டாதவன் பெயரையும் அவன் உறவினர் பெயரையும் குடத்தில் போடக்கூடாது என்று எழுதி வைத்துவிட்டார்கள். ஜெயித்த பிறகு குனிந்து பார்ப்பதைவிட இது மேல் என்பது என் அபிப்பிராயம்.

'மஸில் கார்' என்ற பயில்வான் ஜாதி பிறகு வந்தது. 1964-ல் பான்டியாக் ஜி.டி.ஓ. நடுத்தர உடம்பில் 389 கன அங்குல இஞ்சினோடு கிளம்பிற்று. நம் ஊர் ஸ்டாண்டர்டு ஹெரால்டின் இஞ்சின் 948 சி.சி.; அதைப் போல் ஆறரை மடங்குக்கும் மேல்! நமக்கோ இறக்குமதிக்குக் கதவடைத்தாயிற்று. இருந்தவை அம்பாஸடர், பியட், வண்டலூரில் 1961 முதல் தயாரான ஹெரால்டு, இவ்வளவுதான்.

ஆனாலும் ஆசை யாரை விட்டது? 1953-ல் சென்னையில் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தோன்றியது. கல்கத்தா சாலையில் சோழவரத்தில், யுத்த காலத்து விமான ஓடுபாதை சும்மா கிடந்தது. அங்கே பந்தயம் நடந்தது. அப்போது சோழவரம், வண்டலூர், உத்தரமேரூர் மூன்றும் ஒரே செங்கற்பட்டு ஜில்லா என்பதில் எங்களுக்குத் தனிப் பெருமை.

எங்கள் பஸ் நிலையத்தருகே கொட்டகை போட்டிருந்த மேஸ்திரி, என் பன்னிரண்டாம் வயதில் என்னை அங்கே அழைத்துப் போனார். பம்பரையும் ஸீட்டையும் கழற்றிவிட்டு மொட்டையாக நின்ற பியட்டுகள். வெயிலில் ஆமணக்கெண்ணெய் புகைகிற வாசனை. மூக்கோடு முகத்தையே தூக்கித் திறந்தாற்போல் முன்பாகம் முழுவதும் மேலே எழும்பிய ஹெரால்டுகள். "தம்பி, கண்ணை மூடிக்கிட்டுச் சத்தத்தைக் கேளு. எது ஜெயிக்கும்னு தெரியும்" என்றார் மேஸ்திரி. நானும் கண்ணை மூடினேன். இருவரும் பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை.

ஊருக்குத் திரும்பியதும், பழுது பார்க்க வந்த டாக்டர் வீட்டு ஹெரால்டின் இஞ்சின் தலையை இழைத்து, கார்புரேட்டரையும் திருத்தினார். டாக்டருக்கு ஏக சந்தோஷம். ஒரு நாள் ராத்திரி பிரசவ கேஸ் என்று ஆள் வந்தது, மேஸ்திரியே ஓட்டினார். ஹெரால்டின் பின் சக்கரங்கள் தனித்தனி அச்சில் ஆடுகிறவை. வளைவில் வேகமாகப் போய்ச் சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால், வெளிப்புறச் சக்கரம் உள்ளே மடங்கி, பின்பாகம் தூக்கிக்கொள்ளும். சோழவரத்துக்காரர்கள் அதற்கும் வைத்தியம் செய்திருந்தார்கள், அடியில். மேஸ்திரி திருடிக்கொண்டு வந்தது மேல் வித்தையை மட்டும்.

ஏரிக்கரைத் திருப்பத்தில் வண்டி சரிவில் உருண்டது. டாக்டருக்கு இடது கை எலும்பு முறிந்தது. கையைத் துண்டால் கட்டிக்கொண்டு மாட்டு வண்டியில் போய்ச் சேர்ந்தார். குழந்தை பிழைத்தது, தாய் பிழைக்கவில்லை. "முன்னாலே வந்திருந்தாலும் கஷ்டம்தான்" என்று டாக்டர் எல்லோரிடமும் சொன்னார். மேஸ்திரியிடம் மூன்று தடவை சொன்னார்.

சோழவரத்தை விட்டுப் பந்தயம் 1990-ல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைக்கு வந்துவிட்டது. மேஸ்திரி அன்றைக்குப் பிறகு எந்தப் பந்தயத்துக்கும் போகவில்லை. டாக்டர் போனார். அடுத்த வருஷம் என்னையும் கூட்டிக்கொண்டு போய், வளைவருகே வேலியோரம் நின்றார். யார் முந்துகிறார்கள் என்று அவர் கவனிக்கவே இல்லை. ஹெரால்டு வரும்போதெல்லாம் குனிந்து அதன் பின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.