மெல்பன் மாணவி செய்த கேம்

"கேம் டிசைனும் ஒரு படிப்பா?" என்று வீட்டில் கேட்கிறார்களா? இந்த மெல்பன் வரலாற்றைச் சொல்லுங்கள்.

1980களின் தொடக்கம். மெல்பன் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படித்த வெரோனிகா மெக்லர், பீம் சாஃப்ட்வேர் நிறுவனத்தில் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்தார். கேம் செய்யக் கற்றுத்தரும் வகுப்பு எதற்கும் அவர் போகவில்லை. பிலிப் மிட்செல் முதலியோருடன் அவர் உருவாக்கிய 'த ஹாபிட்' 1982இல் வெளியானது. டோல்கீனின் நாவலைத் தழுவிய கேம் அது. கட்டளைகளைத் தட்டச்சு செய்து ஆட வேண்டும். 48 கிலோபைட் நினைவகத்துக்குள் ஓர் உலகமே இருந்தது! நீங்கள் சும்மா இருந்தாலும் பாத்திரங்கள் தாமாகவே நடமாடும், சண்டை போடும். அதனால் ஒவ்வொரு முறையும் ஆட்டம் வேறு மாதிரிப் போகும்.

இன்று அதே நகரில் ஆர்எம்ஐடி பல்கலைக்கழகத்தில் கேம் டிசைன் ஒரு பட்டப்படிப்பு. மெக்லருக்குக் கைகொடுத்தது கணினி அறிவு. நீங்களும் அதைக் கைவிடாதீர்கள்.