செத்த குருவியும் தலை கிள்ளிய அரசனும்

றொபின் குருவியொன்று கால்கள் விறைத்து மல்லாந்து கிடக்கிறது. படத்தோடு ஒரு வாழ்த்து: உங்கள் நத்தார் மகிழ்ச்சியாக அமையட்டும். விக்டோரியா மகாராணி காலத்தில், 1880களில், இங்கிலாந்தில் கடைகளில் விற்ற மடல் இது. அக்காலத்து இன்னொரு மடலில் ஒரு தவளை மற்றொரு தவளையைக் குத்திச் சாய்த்துவிட்டுப் பணப்பையோடு ஓடுகிறது. இன்று பார்க்கிறவர்களுக்கு இவற்றைக் கண்டால் மனம் கூசுகிறது.

திருகோணமலைச் சுவாமிமலையில் சொல்லப்படும் கதை இதைவிடக் கொடியது. தாய் வழிபடுவதற்காக மலையைப் பெயர்க்க முயன்ற இராவணன் இறைவனின் கால்விரல் அழுத்தத்தில் நசுங்குகிறான். தன் தலையொன்றைக் கிள்ளி, கை நரம்பைத் தந்தியாக்கி, சாமகானம் இசைத்து அருள் பெறுகிறான். பாறையின் பெரும் பிளவுக்கு இராவணன் வெட்டு என்றே பெயர். கோணேசரைக் கும்பிட வரும் குடும்பங்கள் அதைப் பிள்ளைகளுக்குக் காட்டிக் கதை சொல்கின்றன. எந்தப் பிள்ளையும் அஞ்சி அழுவதில்லை.

மடல் விற்ற நாட்டவரும் இராவணன் கதையும் அருகருகே வாழ்ந்த ஊர் திருகோணமலை. 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றிய இத்துறைமுகத்தை 1957 வரை பிரித்தானியக் கடற்படை வைத்திருந்தது. சுவாமிமலைக்குப் போகும் வழியே பிரட்றிக் கோட்டைக்குள்தான். மார்கழியில் இங்கே பனி ஏது? வாடைக்காற்றும் மழையும் கொந்தளிக்கும் கடலுந்தான். ஆனால் சாவு அந்தக் கடற்படையினருக்கு வெகு அருகில் இருந்தது. நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பி சார்ள்ஸ் ஒஸ்ரின், கிழக்கிந்தியக் கடற்படைப் பிரிவின் தலைவர், 1852இல் பர்மியப் போரின்போது வாந்திபேதியில் இறந்து இந்த ஊர் மண்ணில் அடக்கமானார். தளபதிக்கே அந்தக் கதி என்றால் மாலுமிக்கு என்ன பாதுகாப்பு?

மடலில் கிடக்கும் அந்தக் குருவியைச் சாவின் இந்த நெருக்கத்தையும் மனத்திற்கொண்டே பார்க்க வேண்டும். சிலுவையில் தொங்கிய இயேசுவின் இரத்தம் பட்டு அதன் நெஞ்சு சிவந்தது என்பது ஐரோப்பியப் பாட்டிமார் சொன்ன கதை. இன்னொரு கதையில், காட்டில் கைவிடப்பட்டு இறந்த பிள்ளைகளை இலைகளால் மூடியதும் றொபின்தான். சிவப்புச் சட்டை போட்ட தபாற்காரருக்கும் அதே பட்டப்பெயர் இருந்தது. குளிரில் விறைத்து ஏழைப் பிள்ளைகள் செத்த காலம் அது. செத்த குருவி அவர்களை நினைக்கச் செய்தது என்கிறார்கள் சில ஆய்வாளர்கள். எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது.

தவளைக்கு இந்தச் சலுகையை நான் தரமாட்டேன். 1843இல் ஹென்றி கோல் என்பவர் வெளியிட்ட முதல் நத்தார் மடலின் விலை ஒரு ஷில்லிங், வசதியுள்ளவர்கள்தான் வாங்கியிருப்பார்கள். 1870இல் மடல் அனுப்ப அரைப் பென்னி போதும் என்றானது. வண்ண அச்சும் மலிந்தது. ஆண்டுதோறும் புதிதாக ஏதாவது காட்டவேண்டிய போட்டியில் அச்சகங்கள் கண்டதையெல்லாம் வரைந்தன. அதில் ஆழ்ந்த பொருள் தேடுவது வீண்வேலை.

இராவணன் கதை இப்படி விற்பனைக்காகப் பிறந்ததல்ல. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய கோணமலைப் பதிகத்திலேயே, மலையெடுத்தவனின் செருக்கு அடங்கியதும் அவன் துதித்துப் பேறு பெற்றதும் இருக்கின்றன. பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்துத் தள்ளினார்கள். அதன் கற்கள் கோட்டைச் சுவருக்குப் போயின. கதையை அவர்களால் இடிக்க முடியவில்லை. ஊருக்கு வெளியே கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் இராவணன் தாய்க்குச் செய்த கிரியையோடு பிணைந்தே பேசப்படுகின்றன.

மடல்களுக்கு நடந்தது நேர்மாறானது. படங்களைச் சேகரிப்பாளர்கள் அல்பங்களில் ஒட்டிப் பத்திரமாக வைத்தார்கள். அவற்றோடு வந்திருக்கவேண்டிய பேச்சு வீடுகளில் நின்றுபோனது. நம்மைத் திடுக்கிடச் செய்வது அந்தப் பேச்சின் இழப்பே என்று நினைக்கிறேன். கதை தெரியாத ஒருவர் கண்ணில் நம் இராவணனும் தன் உடலைத் தானே அறுத்துக்கொண்ட மனிதனாகத்தான் தெரிவான். சுவாமிமலைக்கு நாள்தோறும் உலகெங்குமிருந்து பயணிகள் ஏறி வருகிறார்கள். பிளவின் விளிம்பில் நின்று படம் எடுக்கும் அவர்களுக்குத் தாயின் வழிபாட்டிலிருந்து தொடங்கி முழுக்கதையையும் சொல்ல அங்கே ஓர் ஆள் வேண்டும்.